சூட்டுக்கு வைத்த தீ

பள்ளிக்கூடத்தில் ‘ஜப்பான் நாள்’ எண்டு ஒன்று வைத்தால் அது எப்படி இருக்கும் என்பதை நாங்கள் எல்லாருமே பார்க்காமலே சொல்லிவிடுவோம். வாசலில் ரோஸ் கலர் தாளில் வெட்டிய செர்ரிப் பூ. கரும்பலகைக்கு மேலே ஃபூஜி மலை. மேசையில் காகிதக் கொக்குகள். சுவரில் கிமோனோ உடுத்த ஒரு பெண்ணின் படம். பிறகு ஒரு பேச்சு: ஜப்பான் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டுகிறார்கள், நேரம் தவறமாட்டார்கள், அணுகுண்டு விழுந்த சாம்பலிலிருந்து எழும்பி நின்றார்கள், நீங்களும் அப்படி வரவேணும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். படம் எடுத்து முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. கொக்கு மடிப்பது கைக்கும் நல்லது, கேத்திரகணிதத்துக்கும் நல்லது. ஆனால் இதே பேச்சைக் குருநாகலிலும் பேசலாம், கும்பகோணத்திலும் பேசலாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் வளரும் ஒரு பிள்ளைக்கென்று அதில் ஒன்றுமே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஜப்பானின் பண்பாட்டைப் பற்றிச் சொல்லித் தாருங்கள் எண்டு யாராவது கேட்டால் எங்கே தொடங்குவது? எங்கள் வட்டத்துக்குள் கொஞ்சக் காலமாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஜப்பான் எங்களுக்குத் தூரத்து நாடு இல்லை. 2013 மார்ச்சில் திறந்த புதிய கல்லடிப் பாலமும், 2014 ஏப்ரலில் திறந்த மண்முனைப் பாலமும் ஜப்பானின் உதவியில் எழும்பியவை. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்து நின்ற காலமும், மண்முனையில் பாதைக்காக வெயிலில் நின்ற காலமும் இப்போது பெரியவர்களின் கதை. (வெளியூர் வாசகர்களுக்கு: ‘பாதை’ எண்டால் எங்களுக்கு ரோட்டு மட்டுமில்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் தண்ணிக்கு மேலால் அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையும் பாதைதான்.) எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் பள்ளிக்கூடம் போகும் ரீச்சர்மார் இன்று ஜப்பான் காசில் கட்டிய பாலத்துக்கு மேலால்தான் போகிறார்கள். வயலில் கூபோட்டா நிற்கிறது. கிழவர்கள் இன்னும் ‘யப்பான்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு சாமான் நல்லதா எண்டு கேட்டால் “யப்பான் சாமான், பயப்பிடாம வாங்கு” என்பார்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் போனால் அங்கேயும் ஜப்பான் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மஸ்’ என்ற பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. இவை எல்லாவற்றையும் விட எங்கள் வாயில் அடிக்கடி வருகிற ஜப்பானியச் சொல் ஒன்றும் உண்டு. சுனாமி.

இந்தச் சொல்லில் தொடங்கலாம் என்பதுதான் எங்கள் யோசனை.

‘சு’ எண்டால் துறை. ‘நாமி’ எண்டால் அலை. நடுக்கடலில் நிற்கும் மீனவனுக்கு இந்த அலை போனதே தெரியாது, திரும்பி வந்து பார்த்தால் துறை இருக்காது. அதனால்தான் துறையின் அலை எண்டு பெயர் வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் மட்டக்களப்பில் எத்தனை பேருக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும்? காலை 7 மணிக்கு ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும்போது சுமாத்திராவுக்கு அருகில் நிலம் நடுங்கியது. அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணித்தியாலம் அளவில் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடியிலும் ஞாயிற்றுக்கிழமை வழமைபோலவே நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். நாவலடியில் ஓட இடம் இருக்கவில்லை. இலங்கை முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கரையில் நினைவுத்தூண்களில் பெயர்கள் இருக்கின்றன, பக்கத்தில் வயதும் இருக்கிறது.

இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது அம்மம்மா சொல்லும் கதை.

சரி, ஜப்பானில் இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னார்கள்? அங்கே ஒரு கதை இருக்கிறது. ‘இனமுரா நோ ஹி’. தமிழில் சொன்னால் ‘நெற்கட்டுக் குவியலின் தீ’. இனமுரா என்பது அறுத்த நெல்லைக் கதிரோடு கட்டி வயலில் குவித்து வைப்பது. எங்கட ஊரில் அதுக்குப் பெயர் சூடு. உப்பட்டி கட்டிச் சுமந்து சூடு வைத்த காலத்தை மெசின் வெட்டு வந்து விழுங்கிவிட்டாலும், படுவான்கரையில் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் சூடு எண்டால் என்னவென்று சொல்லுவார். சூட்டுக்கு நெருப்பு வைப்பது எப்படிப்பட்ட பாதகம் என்றும் சொல்லுவார். ஒரு குடும்பத்தின் ஒரு வருசத்துச் சோறு அது. இந்தக் கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதை எங்கட பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அகராதி தேவையில்லை.

கதை இப்படிப் போகும். கோஹேய் என்ற முதியவர் மேட்டு நிலத்தில் குடியிருக்கிறார். கீழே கடற்கரைக் கிராமம், திருவிழா ஆயத்தத்தில் இருக்கிறது. நிலம் மெதுவாக, நீளமாக ஆடுகிறது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கோஹேய் கடலைப் பார்க்கிறார். தண்ணீர் கரையை விட்டுப் பின்வாங்கிப் போகிறது. சின்ன வயதில் தாத்தா சொன்னது ஞாபகம் வருகிறது. கத்தினால் கீழே கேட்காது, ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. ஒரு பந்தத்தைக் கொளுத்தித் தன் சூடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தீ வைக்கிறார். பெரியவரின் வீட்டுப் பக்கம் தீப்பிடித்துவிட்டது எண்டு பதறி ஊர் முழுக்க அணைக்க மேலே ஓடி வருகிறது. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு கடல் வருகிறது.

2004இல் கடல் பின்வாங்கியபோது எங்கட கரையோரங்களில் என்ன நடந்தது? வெறுமையாய்க் கிடந்த கடல் தரையைப் பார்க்க, துடித்த மீனைப் பொறுக்க ஆட்கள் கீழே இறங்கினார்கள். பிள்ளைகள்தான் முதலில் ஓடினார்கள். அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும், வேறு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்பட்டிராது: கடல் உள்ளே போனால் நீ வெளியே ஓடு.

இந்தக் கதை எங்கேயிருந்து வந்தது என்பது இன்னும் ருசியானது. 1896 ஜூனில் ஜப்பானின் வடகிழக்குக் கரையை ஒரு சுனாமி அடித்து 20,000க்கும் அதிகமானோரைக் கொன்றது. அந்த நேரம் ஜப்பானில் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹேர்ன், பழைய சுனாமி ஒன்றில் ஊரைக் காப்பாற்றிய ஒருவரைப் பற்றி 1897இல் ஆங்கிலத்தில் எழுதினார். ஹேர்ன் கிரேக்கத் தீவில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்து, கடைசியில் ஜப்பானியக் குடியுரிமை எடுத்தவர். ‘சுனாமி’ என்ற சொல்லை ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு 1934இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு பாடநூலுக்கு நல்ல ஆக்கங்கள் தாருங்கள் எண்டு பொதுவாகக் கேட்டது. அந்தக் கதை நடந்த பகுதியைச் சேர்ந்த நகாய் சுனெசோ என்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஹேர்ன் எழுதியதைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி அனுப்பினார். 1937இலிருந்து 1947வரை ஜப்பானின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள்.

ஆக, ‘ஜப்பானிய மரபு’ எண்டு நாங்கள் சொல்லும் இந்தக் கதை ஒரு வெளிநாட்டவர் ஆங்கிலத்தில் எழுதி, ஒரு வாத்தியார் ஜப்பானிய மொழிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. பண்பாடு என்பது பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. ‘தூய’ ஜப்பானியப் பண்பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எங்களுக்கு இல்லை.

உண்மையில் நடந்ததைப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். ஊர், இன்றைய வகயாமா மாகாணத்தில் இருக்கும் ஹிரோ. நாள், 1854 டிசம்பர் 24. ஆள், ஹமகுச்சி கோர்யோ. சோயா சோஸ் காய்ச்சும் வியாபாரக் குடும்பம், வயது முப்பதுகளின் நடுப்பகுதி. முதியவருமில்லை, மேட்டில் தனியே குடியிருந்தவருமில்லை. நிலம் மெதுவாக ஆடவில்லை, பயங்கரமாகவே ஆடியது. அலை வந்தபோது அவரும் தண்ணீருக்குள் அகப்பட்டுத் தப்பியவர். பொழுதுபட்டுவிட்டது. இருட்டில் எந்தப் பக்கம் மேடு என்று தெரியாமல் தத்தளித்தவர்களுக்கு வழி காட்டத்தான் வயலில் இருந்த சூடுகளைக் கொளுத்தினார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் மேட்டிலிருந்த கோயிலுக்கு ஏறினார்கள். எல்லாரும் தப்பவில்லை, முப்பது பேரளவில் இறந்தார்கள். ஊரின் மிகப் பெரும்பகுதி தப்பியது.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, கதையையா, நடந்ததையா? எங்களுக்குள் இதில் சண்டையே வந்தது. இரண்டையும் சொல்லவேணும், சொல்லிவிட்டு ஏன் ஹேர்ன் அவரைக் கிழவராக்கினார் எண்டு பிள்ளைகளிடமே கேட்கவேணும் என்பதில்தான் கடைசியில் வந்து நின்றோம். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

பாடநூல் சொல்லாமல் விட்ட பகுதிதான் எங்களுக்கு இன்னும் பிடித்தது. அலை வடிந்த பிறகு ஹிரோ ஊரில் வீடு இல்லை, தோணி இல்லை, வயலில் உப்பு. ஆட்கள் ஊரை விட்டுப் போகத் தொடங்கினார்கள். ஹமகுச்சி தன் காசைப் போட்டு ஒரு அணைக்கட்டு கட்டத் தொடங்கினார். ஊராட்களையே வேலைக்கு எடுத்துக் கூலி கொடுத்தார். நான்கு வருசம் போனது. சுமார் 600 மீற்றர் நீளம், 5 மீற்றர் உயரம், கடல் பக்கம் பைன் மர வரிசை. எங்கட கரையில் சவுக்கு நட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹமகுச்சி 1885இல் இறந்துபோனார். 1946 டிசம்பரில் மீண்டும் ஒரு பெரிய சுனாமி வந்தபோது, அந்தக் கட்டு ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. கட்டினவர் காணாத அலை அது.

1903இலிருந்து அந்த ஊரில் வருசா வருசம் ஒரு சுனாமித் திருநாள் நடக்கிறது. நவம்பர் மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்குக் கொஞ்சம் மண் கொண்டுவந்து அந்தக் கட்டில் போடுவார்கள். அவ்வளவுதான் சடங்கு. ஒரு பிடி மண்ணால் ஒரு கட்டு உயர்ந்துவிடாது என்பது பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கட்டு ஏன் அங்கே நிற்கிறது எண்டு சாகும்வரை மறக்காது. ஜப்பானிய மரபு எண்டு ஒன்றைப் படிப்பிக்க வேண்டும் என்றால், கிமோனோவுக்கு முதல் நாங்கள் இதைத்தான் படிப்பிப்போம்.

இந்த இடத்தில் எங்கட பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்களிடம் சொல் இல்லாமலா இருந்தது? ‘கடல்கோள்’ எண்டு எவ்வளவு அழகான சொல். இறையனார் களவியல் உரை முச்சங்கக் கதையில் கடல் கொண்ட ஊர்களைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் கடல் கொண்ட குமரிக்கோட்டைச் சொல்கிறது. மணிமேகலையில் புகார் கடலுக்குள் போகிறது. சிங்களப் பிள்ளைகளும் இதற்குக் குறைவில்லை. களனியைக் கடல் கொண்ட கதை, கடலில் அனுப்பப்பட்ட இளவரசி விகாரமகாதேவியின் கதை எல்லாம் அவர்கள் சின்ன வகுப்பிலேயே கேட்டு வளர்வார்கள். ஆனால் நாங்கள் கடல்கோளை எதற்குப் படித்தோம்? தமிழ் எவ்வளவு பழையது, எவ்வளவு இழந்தோம் எண்டு பெருமைப்படவும் கவலைப்படவும் படித்தோம். பரீட்சையில் முச்சங்கம் பற்றிக் கட்டுரை எழுதினோம். அங்கே பக்தியும் தியாகமும். கடல் வரும்போது எந்தப் பக்கம் ஓடவேணும் எண்டு இரண்டு பாடத்திலும் ஒரு வரி இல்லை. இரண்டாயிரம் வருசமாக வைத்திருந்த சொல் ஒரு காலையில் எங்களுக்கு உதவவில்லை. கடைசியில் அடுத்த வீட்டுக்காரனின் சொல்லைக் கடன் வாங்கித்தான் அந்தக் காலைக்குப் பெயர் வைத்தோம்.

இதுவரை வாசித்தவர்கள் ஜப்பானைத் தூக்கி வைக்கிறோம் எண்டு நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். கதை பாடநூலில் இருந்த வருசங்களை மறுபடி பாருங்கள்: 1937 தொடக்கம் 1947. சீனாமீது முழுப் போர் தொடங்கிய வருசத்தில் உள்ளே வந்த பாடம் அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மொழிப் பாடத்தில் ஊருக்காகத் தன் நெல்லைக் கொளுத்தியவரைப் படித்தது. ஒழுக்கப் பாடத்தில், செத்த பிறகும் வாயிலிருந்து ஊதுகுழலை எடுக்காத படைவீரனைச் சின்ன வகுப்பிலேயே படித்திருந்தது. ஒரே தலைக்குள் இரண்டு பாடங்களும் இருந்தன. ஊருக்காகக் கொடு என்பது எங்கே முடிகிறது, சக்கரவர்த்திக்காகச் சா என்பது எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

அந்தப் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹேர்மஸ் மட்டக்களப்புக் கடலில் தாண்டது. திருகோணமலை தாக்கப்படப் போகிறது என்று தெரிந்து முதல் நாள் இரவே துறையை விட்டு வெளியேறிய கப்பல் அது. விமானம் தாங்கிக் கப்பலில் அன்றைக்கு ஒரு விமானமும் இல்லை. காலை பத்தரை மணிக்குப் பிறகு ஜப்பானிய விமானங்கள் குத்திட்டு இறங்கிக் குண்டு போட்டன. இருபது நிமிஷத்துக்குள் கப்பல் போய்விட்டது. 307 பேர் இறந்தார்கள். தப்பிய நூற்றுக்கணக்கானவர்களை ‘வீட்டா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றியது. இதில் ஒரு விசித்திரம். ஜப்பானியக் கடற்படைக்குக் கப்பலிலிருந்து விமானம் ஓட்டப் பழக்கியவர்களே பிரித்தானியர்தான். 1921இல் செம்பில் என்பவரின் தலைமையில் ஒரு குழு ஜப்பானுக்குப் போய்ப் படிப்பித்தது. இருபது வருசம் கழித்து மாணவர்கள் திரும்பி வந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு ‘ஜப்பானியப் பண்பாட்டுப் பாடம்’ அப்போது நடந்துகொண்டிருந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு ‘சியோனான்’ எண்டு பெயர் வைத்தார்கள், ‘தெற்கின் ஒளி’ என்று அர்த்தம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்கூடங்களைத் திறந்து ஜப்பானிய மொழி படிப்பித்தார்கள். காலையில் ‘கிமிகாயோ’ பாடவேணும், தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனியவேணும், ஜப்பானிய முறையில் உடற்பயிற்சி செய்யவேணும். அந்த வரிசைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் நின்றார்கள், தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும், இலங்கையிலிருந்து போன எழுதுவினைஞரின் பிள்ளையும். அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதையில் பல்லாயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பண்பாட்டைப் படிப்பித்த முதல் பெரிய முயற்சி எது எண்டு கேட்டால், எங்களுக்குத் தெரிந்து அது இதுதான்.

1945 ஓகஸ்டில் போர் முடிந்தது. செப்டம்பரில் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களுக்கு உத்தரவு வந்தது: பாடநூல்களில் போரைப் புகழும் பகுதிகளை எடுக்கவேணும். புதிய புத்தகம் அச்சடிக்கத் தாள் இல்லை. வாத்தியார் பக்க எண்ணும் வரி எண்ணும் வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் தூரிகையில் கறுப்பு மை தொட்டு அந்த வரிகளைத் தாங்களே அழித்தார்கள். சில இடங்களில் தாளை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் இன்னொரு தரம் பூசினார்கள். நேற்றுவரை புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வணங்கிய பிள்ளைகள். அதே வாத்தியார். பிறகு பெரியவர்களான பலர், வளர்ந்தவர்கள் சொல்வதை நம்பக்கூடாது என்று தாங்கள் முடிவெடுத்த நாள் அது என எழுதியிருக்கிறார்கள்.

சூட்டுக்கு வைத்த தீயை யாரும் மை பூசி அழிக்கவில்லை. அது 1947வரை நின்று, புத்தகங்கள் மாறியபோது தானாகப் போனது. 2011 ஏப்ரலில் தொடங்கிய கல்வியாண்டில் ஹமகுச்சி மறுபடி ஐந்தாம் வகுப்பு மொழிப் பாடநூல் ஒன்றில் வந்தார். அதற்குச் சில வாரம் முதல்தான், மார்ச் 11, ஜப்பானின் வடகிழக்கில் பெரும் சுனாமி அடித்திருந்தது. புத்தகம் அதற்கு முன்பே அச்சாகி முடிந்திருந்தது.

போர்க் குற்றங்களைப் பாடநூலில் எழுதலாமா கூடாதா என்ற சண்டை ஜப்பானில் அதோடு முடியவில்லை. இயெனாகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர் தன் பாடநூலைக் கல்வி அமைச்சு வெட்டித் திருத்தியதை எதிர்த்து 1965இல் வழக்குப் போட்டார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வழக்குகள். கடைசித் தீர்ப்பு 1997இல், 32 வருசம் கழித்து. எல்லாவற்றிலும் அவர் வெல்லவில்லை. ஆனால் சீனாவில் மனிதர்களை வைத்துப் பரிசோதனை செய்த 731ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை எடுக்கச் சொன்னது சட்டவிரோதம் எண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பாடநூலின் சில வரிகளுக்காக ஒரு மனிதர் வயதுபோகும்வரை நீதிமன்றப் படி ஏறினார். வகுப்பறையைக் கூட்டும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது இவரையும் சொல்லலாமே.

ஏன் இதைச் சொல்கிறோம் என்பது எங்கட ஆட்களுக்கு விளங்கும். 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1990 செப்டம்பர் 9, சத்துருக்கொண்டான் பகுதிக் கிராமங்களின் ஆட்கள், கைக்குழந்தைகள் உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். இரண்டும் ஒரே வாவியின் கரை, ஐந்து கிழமை இடைவெளி. முஸ்லிம் வீட்டில் ஒன்று சொல்லப்படுகிறது, தமிழ் வீட்டில் மற்றது சொல்லப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த அத்தனை வருசத்திலும் இரண்டையும் நாங்கள் படிக்கவில்லை. எங்கட புத்தகத்துக்கு மை பூசத் தேவையே வரவில்லை, எழுதினால்தானே அழிக்க. தரம் 8 பிள்ளையிடம் இதை நேரடியாகப் பேச இன்றைக்கு ஒரு ஆசிரியருக்குப் பயம் இருக்கும், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஜப்பானியப் பிள்ளைகள் மை பூசிய கதையைப் பயமில்லாமல் சொல்லலாம். “அந்த வரிகளை ஏன் அழிக்கச் சொன்னார்கள்? உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய்?” எண்டு கேட்கலாம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து அதற்குப் பதில் சொல்லட்டும். மிச்சத்தை அவர்களே பொருத்திக்கொள்வார்கள்.

மறுகா சுனாமிக்கு வருவோம், அதுதான் உயிர் விஷயம். 2011 மார்ச் 11 ஜப்பானிலேயே இரண்டு விதமாக நடந்தது. கமாயிஷி நகரத்தில் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த ஏறக்குறைய 3,000 பிள்ளைகளும் தப்பினார்கள். அந்தக் கரையில் ‘தெண்டெங்கோ’ எண்டு ஒரு பழைய வாய்மொழி உண்டு: அவரவர் தன்பாட்டுக்கு ஓடு, யாருக்காகவும் திரும்பாதே. கேட்க இரக்கமில்லாத பேச்சாக இருக்கும். ஆனால் பிள்ளை கட்டாயம் ஓடியிருக்கும் எண்டு தாய் நம்பினால்தான் தாயும் ஓடுவாள். பேராசிரியர் கதாதா தொஷிதாகா அந்த நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பல வருசமாக இதைப் பழக்கியிருந்தார். அன்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓடத் தொடங்க, அதைப் பார்த்துச் சின்ன வகுப்புகளும் ஓடின. இஷினோமாகியின் ஒகாவா ஆரம்பப் பள்ளியிலோ பிள்ளைகளை விளையாட்டு முற்றத்தில் வரிசையாக நிறுத்தி 50 நிமிஷமளவில் வைத்திருந்தார்கள். பின்பக்கம் மலை இருந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பெற்றோர் வழக்குப் போட்டு, 2019இல் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார்கள். ஜப்பானியர் ஒழுங்காக வரிசையில் நிற்பவர்கள் எண்டு எங்கட பிள்ளைகளிடம் புகழும்போது ஒகாவா முற்றத்தையும் நினைக்கவேணும்.

2004இல் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கைப்பிள்ளையைத் தேடித் திரும்பி ஓடிய தாய்மாரை எங்களுக்குத் தெரியும். அவர்களிடம் போய் தெண்டெங்கோ பற்றிப் பேச எங்களுக்கு வாய் வராது. பிள்ளைகளிடம் பேசலாம். “நீ எங்கே போய் நிற்பாய் எண்டு அம்மாவுக்கு இண்டைக்கே சொல்லி வை.” வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்கலாம்.

ஹிரோவில் மேடு இருந்தது, கமாயிஷியில் மலை இருந்தது. நாவலடியில் என்ன இருக்கிறது? கதையை அப்படியே எடுத்தால் எங்களுக்குச் சரிவராது. எங்கட நிலம் தட்டை. கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் தண்ணி, வாவி. கல்லடியில் வாவியைத் தாண்டப் பாலம்தான் வழி, அதற்குள் எத்தனை பேர், எத்தனை மோட்டார்சைக்கிள்? 2012 ஏப்ரல் 11 பின்னேரம் சுமாத்திராவில் மறுபடி நிலம் நடுங்கி எச்சரிக்கை வந்தபோது கரையோரச் சனம் உள்ளே ஓடியது. நல்லவேளை அலை வரவில்லை. அந்தப் பின்னேரம் எந்த ஒழுங்கை அடைபட்டது, எந்தச் சந்தியில் வாகனம் நின்றது எண்டு ஊராட்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் கொப்பியோடு போய்க் கேட்டு எழுதிவந்தால் அது எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பாடம்.

ஒரு சின்ன, நடைமுறையான விஷயம். டிசம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிஷம் மௌனம் காக்கிறோம். தூண்களடியில் விளக்கு வைக்கிறோம், அழுகிறோம். ஆனால் அது நத்தாரை ஒட்டிய லீவுக் காலம், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. ஹிரோவில் தீ வைத்த நாள் பழைய ஜப்பானிய நாட்காட்டியில் பதினோராம் மாதம் ஐந்தாம் நாள், அதிலிருந்து எடுத்த திகதி. வழமையான வருசத்தில் நவம்பர் 5 தவணை நடுவில் வரும். பள்ளிக்கூடத்தில் ஜப்பான் நாள் வைக்க விரும்புகிறவர்கள் அந்த நாளில் வைக்கலாம். செர்ரிப் பூவையும் ஒட்டலாம், கொக்கும் மடிக்கலாம். கதையைச் சொல்லிவிட்டு, மழை விட்டிருந்தால் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு கால்நடையாக ஒரு தரம் ஓடவேண்டிய பாதையில் போகலாம். பாலத்தடிக்குப் போய்ச் சேர எத்தனை நிமிஷம் எடுக்கிறது எண்டு ஒரு பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துக் குறிக்கட்டும். தரம் 1 பிள்ளையின் நடையில்.